நாற்பத்திரண்டாம் பக்கம்

பாளையங்கோட்டை மிஷன் அச்சுக்கூடத்தில்
ஹ என்ற எழுத்து மொத்தம் பதினொன்று.
அதில் இரண்டை ஒரே பெயருக்குக் கேட்டார்
வெய்கல் ஐயர்:
ஹெஸ்ஸே ஹோம்பர்க்.

"அது எந்த ஊரு ஐயா?"
"ஊர் இல்லை, ஞானாபரணம். ராஜ்யம்.
நான் பிறந்த ராஜ்யம்."

பள்ளிக்கூடத்துப் பூமிசாஸ்திரம்,
ஜெர்மானிய தேசங்கள்.
முப்பதுக்கு மேல் அரசுகள், ஆளுக்கு ஒரு வரி.
பிரஷ்யாவுக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம்.

அங்கே ராஜாவுக்குப் பேர் லாண்ட்கிராப்.
தமிழில் என்ன வைக்க?
மன்னன் என்றால் தொளதொளக்கிறது,
மிராசுதார் என்றால் பிடிக்கிறது.
"பாளையக்காரர்னு போட்டா எல்லாருக்கும் வெளங்கும்."
மை தொட்ட விரலை உதட்டில் வைத்தார் ஐயர்,
கொக்கிரகுளம் கச்சேரி இருக்கும் திசையைப் பார்த்து.
குறுநில அதிபர் என்று கோத்தேன்.

அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் பிறந்த நாடாம்.
பிறகு தூரத்தில் இன்னொரு துண்டு சேர்ந்தது,
நடுவில் அடுத்தவன் நிலம்.
இதை எனக்கு விளக்க வேண்டியதில்லை.
கீழநத்தத்தில் எங்கள் வயலும் அப்படித்தான்,
தண்ணீர் பாய்ச்சச் சித்தப்பன் வரப்பைக் கேட்கணும்.

ஒரு ராஜாவுக்கு யுத்தத்தில் கால் போய்
வெள்ளிக் கீல் வைத்த மரக்கால்.
நான் சிரித்துவிட்டேன்.
நெல் அளக்கிற மரக்கால்னு நெனச்சேன் ஐயா.
அர்த்தம் பிடிபட அவருக்குக் கொஞ்ச நேரமானது.
"அளக்கலாம்" என்றார் பிறகு,
"அதாலேயே முழு நாட்டையும் அளக்கலாம்.
தலைதட்டி ஒரே அளவு."

பிரெஞ்சுக்காரன் ஒருதரம் விழுங்கி
ஒன்பது வருஷத்தில் கக்கினான்.
அப்புறம் ஐந்து சகோதரர்கள்,
ஒருவர் போக ஒருவர், அதே நாற்காலியில்.
சூதாட்ட மண்டபக் குத்தகையில் விளக்கு எரிந்தது.
கடைசியாக உட்கார்ந்தவருக்குக் கல்யாணமே இல்லை.

"பிள்ளையில்லாட்டி இங்க கம்பெனி எடுத்துக்கிட்டு.
அங்க யாரு எடுப்பாவ?"
"பங்காளி."

வைகாசியில் தூத்துக்குடி வழியாகக் கடிதம்.
பங்குனியிலேயே கிழவர் போய்ச் சேர்ந்திருந்தார்.
பங்காளி எடுத்துக்கொண்டான்.
வரியைத் திருத்தவா என்றேன்.
"இரு."
பக்கத்தை நூலால் கட்டி ஓரமாக வைத்தேன்.

ஐப்பசியில் ஆற்றில் செந்தண்ணி.
ஈரத்தில் தாள் அப்பளம்போல் நெளிந்தது.
அன்று வந்த கடிதத்தை நின்றபடியே படித்தார்.
பிரஷ்யா சண்டையில் ஜெயித்து
பங்காளியிடமிருந்து அதையும் எழுதி வாங்கிவிட்டது.
அவன் கையில் இருந்தது ஆறு மாசம்கூட முழுசாக இல்லை.

"எடுத்துவிடு" என்றார் தமிழில்.
அப்புறம் அவர் பாஷையில் ஏதோ சொன்னார்,
அது எனக்குச் சொன்னதில்லை.

என் ஆத்தாளின் தாத்தா முரசடித்த கோட்டை
இருந்த மேட்டில்
இப்போது ஆமணக்கு.
இதை நான் அவரிடம் சொல்லவில்லை.
அவரும் கேட்டதில்லை.

ஊசியால் கிளப்பி
எழுத்தெழுத்தாக அறைகளில் போட்டேன்.
ர் ரோடு ர், க் கோடு க்.
மறுநாளே கச்சேரியிலிருந்து ஏல நோட்டீசு,
நிலவரி பாக்கிக்கு ஒரு ஜமீனின் மூன்று கிராமம்.
தலைப்பில் மஹாராணியார் என்று வேண்டும்.
கைக்கு வந்தது ஹோம்பர்க்கின் ஹ.
முதுகில் ஒரு கீறல், அதனால் தெரியும்.

வரி போன இடத்தில் பக்கம் ஆடியது.
பிரஷ்யாவுக்கு ஒரு பட்டணம் கூட்டிக்கொள்ளலாம்,
அளவு சரியாக வரும் என்றேன்.
தலையை மட்டும் அசைத்தார், இல்லையென்று.
ஈயத்தகடு நறுக்கிச் செருகினேன்,
கொட்டாப்புளியால் தட்டி, ஆப்பு இறுக்கி
ஆயிரத்து இருநூறு பிரதி.
நாசரேத்துக்கும் மெய்ஞ்ஞானபுரத்துக்கும்
நனையாமல் பனம்பாய் மூடி வண்டி போயிற்று.

நாற்பத்திரண்டாம் பக்கத்தில்
கீழிருந்து ஏழாவது வரிக்கு மேலே
கொஞ்சம் வெள்ளை அதிகம்.
பிழையென்று இதுவரை எந்த உபாத்தியாயரும்
எழுதிக் கேட்கவில்லை.